ஜிஞ்சருக்குள் ஒரு வேர்: ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

சனிக்கிழமை காலையில் திருகோணமலைச் சந்தையில் இஞ்சி விற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். “அண்ணை, இஞ்சி கால் கிலோ போடுங்கோ” என்பார் ஒரு அக்கா. பக்கத்தில் கந்தளாய்ப் பக்கம் இருந்து வந்தவர் “இங்குரு கீயத?” என்று சிங்களத்தில் விலை கேட்பார். உப்புவெளியில் தங்கியிருக்கிற வெள்ளைக்காரி ஒருத்தி விரலை நீட்டி “ஜிஞ்சர்?” என்பாள். கடைக்காரர் மூன்று பேருக்கும் ஒரே குவியலில் இருந்துதான் அள்ளிப் போடுவார். குவியல் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும், மூன்று பேரும் வாயால் கேட்ட சொல்லும் ஒன்றே என்பது அந்த இடத்தில் யாருக்கும் தெரியாது.

இதை வீட்டில் சொன்னபோது உயர்தரம் படிக்கிற என் மருமகள் நம்பவில்லை. “சத்தம் ஒரே மாதிரி இருக்கு எண்டதுக்காகச் சொல்றீங்களா மாமா, இல்லாட்டி ஆதாரம் இருக்கா?” என்று கேட்டாள். சரியான கேள்வி. வாட்ஸ்அப்பில் அடிக்கடி ‘ஆங்கிலத்தில் உள்ள நூறு தமிழ்ச் சொற்கள்’ என்று ஒரு பட்டியல் வந்து விழுகிறது, அதில் கொஞ்சம் உண்மை, மீதி காதுக்கு வந்த மயக்கம், எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, ஆனால் அனுப்பிவிடுவதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. அன்று அவளோடு உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதிக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். மொழியியல் பட்டம் ஒன்றும் வேண்டாம். ஒரு போன், ஒரு கொப்பி, ஒரு மணித்தியாலம் போதும்.

போனில் திறந்து வைக்க வேண்டியவை இவை. ஆங்கிலச் சொல்லுக்கு எடிமான்லைன் என்கிற இலவசத் தளம், டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் உருவாக்கியது, ஆரம்பிக்க இதைவிட லேசான இடம் இல்லை. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி இன்னும் ஆழமானது: 1884இல் முதல் பகுதி வந்து 1928இல்தான் வேலை முடிந்தது, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டு எந்த எழுத்தில் முதலில் தென்பட்டது என்று மேற்கோளோடு காட்டும், ஆனால் இணையத்தில் முழுசாகப் பார்க்கக் காசு கட்ட வேண்டும். ஆசியாவில் இருந்து போன சொல் என்று சந்தேகம் வந்தால் 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்கிற அகராதி இருக்கிறது. நம் பக்கத்துக்கு இரண்டு: 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன், அப்புறம் பரோவும் எமனோவும் சேர்ந்து செய்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, முதல் பதிப்பு 1961, இரண்டாவது 1984. இந்தக் கடைசி மூன்றையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் காசில்லாமல் தேடலாம்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் ஊகிப்பதை நிறுத்துங்கள். இதுதான் கஷ்டம். ‘இஞ்சி, ஜிஞ்சர், அட, அதே சத்தம்!’ என்று மனம் குதிக்கும், அதைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கொப்பியின் மேல் வரியில் ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதுங்கள். தமிழ்ச் சொல்லை எழுத வேண்டாம், அது தானாக வந்தால் வரட்டும். கிணற்றில் இறங்குகிறவன் படிப்படியாகத்தான் இறங்குவான், குதித்தால் தண்ணீர் இருக்கிறதா கல் இருக்கிறதா என்று கீழே போன பிறகுதான் தெரியும். இன்றைய ஆங்கிலம், அதற்கு முந்தைய ஆங்கிலம், அதற்கு முன் அது எந்த மொழியில் இருந்தது, அந்த மொழிக்கு எங்கிருந்து வந்தது. ஒரு படிகூடத் தாண்டக் கூடாது.

ஜிஞ்சருக்கு எடிமான்லைனைத் திறந்தால் ஒரு பத்தி வரும். முதலில் பார்க்கும்போது தலை சுற்றும், ஏனென்றால் எல்லா வடிவத்தையும் ஒரே மூச்சில் கொட்டி வைத்திருப்பார்கள். அதை அப்படியே வாசிக்காமல் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனி வரியாகக் கொப்பியில் இறக்குங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

ஜிஞ்சர் – இன்று
ஜிஞ்ஜிவர் போன்ற வடிவங்கள் – இடைக்கால ஆங்கிலம், பழைய பிரெஞ்சின் செல்வாக்கோடு
‘ஜிஞ்சிஃபர்’ என்று எழுதப்பட்டது – பழைய ஆங்கிலம்
ஜிஞ்சிபெர் – பிற்கால லத்தீன்
ஸிங்கிபெரி – லத்தீன்
ஸிங்கிபெரிஸ் – கிரேக்கம்
சிங்கிவேர – பாளி, பிராகிருதம்

ஏழு படி. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு மாதிரி இருக்குமே, அதே கதைதான், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, முதலாவதில் கை வைத்துவிட்டு நேரே ஏழாவதற்குப் போனால்தான் திடுக்கிடும்.

அகராதியில் ஒரு சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டிருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைத்தது இல்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் கட்டியெழுப்பியது என்று அர்த்தம். நட்சத்திரம் உள்ளதையும் இல்லாததையும் ஒரே எடையில் வைக்காதீர்கள். மேலே உள்ள ஏழு படிக்கும் நட்சத்திரம் கிடையாது, எல்லாம் எழுத்தில் இருப்பவை.

இப்போது பட்டியலின் வால் பக்கத்தை மட்டும் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே வாசியுங்கள். அர். வர். ஃபர். பெர். பெரி. பெரிஸ். வேர. பழைய ஆங்கிலத்தில் எஃப் என்ற எழுத்தைப் போட்டிருந்தாலும் இரண்டு உயிரொலிக்கு நடுவில் அது வந்தால் ‘வ’ என்று ஒலிப்பதுதான் அக்கால வழக்கம், ஆகவே அந்தப் படியிலேயே ‘வெர்’ என்று கேட்கத் தொடங்கிவிடும். கடைசிப் படியில் அது வேர. நம் வேர்தான். ஜிஞ்சர் என்று சொல்லும்போது கடைசியில் லேசாக நாக்கைத் தொட்டுவிட்டுப் போகிற அந்த ‘அர்’, வேர் என்கிற முழுச் சொல் தேய்ந்து தேய்ந்து மிஞ்சிய துண்டு. மருமகள் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டாள்.

ஆனால் இன்னும் ‘இஞ்சி’ வரவில்லை, கவனித்தீர்களா? கடைசிப் படியில் நிற்பது சிங்கி. அங்கேதான் நம் பக்கத்து அகராதி தேவைப்படுகிறது. எடிமான்லைன் முதலில் சமஸ்கிருத ‘சிருங்கவேர’ என்ற வடிவத்தைக் காட்டி, சிருங்கம் என்றால் கொம்பு, வேர என்றால் உடம்பு, கொம்பு போன்ற உருவம் என்பதால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்லும். பலர் இவ்வளவோடு மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூடாதீர்கள், அடுத்த வரி ‘ஆனால்’ என்று தொடங்குகிறது. இந்தக் கொம்பு விளக்கம் பின்னால் ஒட்டவைத்ததாக இருக்கலாம், மூலம் பழைய திராவிடச் சொல்லாக இருக்கலாம், மலையாளத்தில் இஞ்சிவேர் என்று இன்றும் இருக்கிறது என்று அதே பத்தி சொல்லும். பெரும்பாலான மொழியியலாளர்கள் இன்று ஏற்பது இந்த இரண்டாவதைத்தான். வெளியூர்ச் சொல் ஒன்று புரியாவிட்டால் அதைத் தெரிந்த சொற்களாக உடைத்து அர்த்தம் கற்பித்துக்கொள்வது எல்லா மொழிக்காரரும் செய்கிற வேலை, இதைப் பாமரச் சொற்பிறப்பு என்பார்கள், பாமரர் மட்டும்தான் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம், பெரிய பண்டிதர்களும் செய்திருக்கிறார்கள்.

(இடையில் ஒன்று. நம் ஊரில் சுக்குக்கு வேர்க்கொம்பு என்றுதானே பெயர்? வேர்க்கொம்புக் கோப்பி குடிக்காமல் தடிமன் மாறினவர்கள் இங்கே யார்? வேரும் கொம்பும் நம் வாயிலும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் எதையும் நிறுவ வரவில்லை, ஆனால் காய்ந்த இஞ்சியைக் கையில் எடுத்தவனுக்கு, எந்த மொழிக்காரனாக இருந்தாலும், மான்கொம்பு ஞாபகம் வராமல் இருக்காது போல.)

சரி, சிங்கி எப்படி இஞ்சி ஆனது? தமிழில் சொல்லின் தலையில் இருக்கிற ‘ச’ சில நேரம் உதிர்ந்துவிடும். சான்றுக்கு நூலகம் போக வேண்டாம்: சிறகு, இறகு. இரண்டும் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. சிப்பிக்குப் பழைய நூல்களில் இப்பி என்றும் வரும். அப்புறம் இகரம், எகரம் போன்ற ஒலிக்கு முன்னால் வருகிற ‘க’ தமிழில் ‘ச’ ஆகும்; கன்னடக்காரர் காதைக் கிவி என்பார்கள், நாம் செவி என்கிறோம். இந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்துப் போட்டால் சிங்கி இஞ்சியாக வந்து நிற்கிறது. மதுரைக்காஞ்சியிலேயே அது இஞ்சிதான், மஞ்சளோடு சேர்ந்து வருகிறது, ஆக ‘ச’ தொலைந்தது அதற்கும் முந்தி.

சிங்களத்தில் தனியாக இன்னொரு கூத்து நடந்தது. பாளியில் ‘ச’ என்று தொடங்குகிற சொற்கள் பல சிங்களத்தில் ‘ஹ’ ஆகி, சிலவற்றில் அந்த ‘ஹ’வும் போய்விட்டது. சூரியனை ஹிரு என்று ஏட்டுச் சிங்களத்திலும் இர என்று பேச்சிலும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே வழியில்தான் சிங்கிவேர, இங்குரு ஆனது. கடைசியில் இருக்கிற ‘ரு’, வேர் தேய்ந்தது. அதாவது தமிழும் சிங்களமும் ஒன்றையொன்று பார்த்து எழுதாமலே, ஆளுக்கொரு வழியால் போய், சொல்லின் தலையைத் தொலைத்துவிட்டு ‘இ’யில் வந்து சந்தித்திருக்கின்றன. நாம் தொலைத்த ‘ச’ யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், ஜிஞ்சர் என்று சொல்கிற அந்த வெள்ளைக்காரியின் ‘ஜி’யில் இருக்கிறது.

இப்போது கொப்பியின் பக்கவாட்டில் இன்னொரு கோடு போடுங்கள். நல்ல சொல்லுக்கு உறவுக்காரர் பக்கத்து வீடுகளிலும் இருப்பார்கள். ஜெர்மன் மொழியில் இங்வெர், பிரெஞ்சில் ஜாஞ்ஜாம்ப்ர், இத்தாலியனில் ஸென்ஸெரோ. அரபியில் ஸன்ஜபீல். கிண்ணியாவில் இருக்கிற என் நண்பனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, குர்ஆனில் 76ஆவது அத்தியாயத்தில் சொர்க்கத்தில் தரப்படும் பானத்தில் ஸன்ஜபீல் கலந்திருக்கும் என்று வருகிற வசனத்தை ஓதிக் காட்டினான். சின்ன வயதில் இருந்து ஓதுகிற சொல், அது நம் சந்தையில் கிடக்கிற சாமான் என்று அவனுக்குத் தெரியும், அதே பெயர் என்பதுதான் புதிது.

சொல் தனியாக நடந்து போகாது, யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே அடுத்து எழுத வேண்டியது வழி. யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள், எந்தக் கடல்? முதலாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த பிளினி இஞ்சியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்: ஒரு ரோம ராத்தல் இஞ்சி 6 தெனாரி (ரோமரின் வெள்ளிக்காசு), கருமிளகு 4 தெனாரி. அதாவது மிளகைவிட விலை கூட. இஞ்சி மிளகு மரத்தின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை என்று ஒரு திருத்தமும் போடுகிறார். திருத்தியவரே அடுத்ததாக ஒரு பிழை விடுகிறார்: இஞ்சி அரேபியாவிலும் செங்கடல் கரையோரத்திலும் விளைகிறது என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. சரக்கு வந்தது அரபு, செங்கடல் வழியாக, விற்றவன் எங்கே விளைகிறது என்று சொல்லியிருக்க மாட்டான், வியாபாரி எவன்தான் சொல்வான்? ஆனால் அவர் எழுதிய பெயர் அவரைவிட நன்றாக ஊர் தெரிந்து வைத்திருக்கிறது. ஸிங்கிபெரி என்று எழுதிய கையோடு வேர் என்ற சொல்லையும் ரோமுக்குள் எழுதிவிட்டார்.

இவ்வளவும் பொருந்திய கதை. பொருந்தாத கதையைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையில் பழக வேண்டிய வேலை, அதற்கு என் சொந்த அவமானம் ஒன்று இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினோம். அதில் நான் ‘வன்’ என்பது ஒன்று, ‘எயிட்’ என்பது எட்டு, ஆங்கிலேயருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று இரண்டு பக்கம் எழுதி, தலைப்புக்குச் சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தேன். ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியர் வாசித்துவிட்டுத் திட்டவில்லை. ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: “எண்பது ஏன் எட்டுபது இல்லை?” எனக்கு அன்று புரியவில்லை, கோபம்தான் வந்தது. புரிந்தபோது அவர் ஊரில் இல்லை.

அவர் கேட்டது இதுதான். எட்டு என்கிற சொல்லின் பழைய அடி ‘எண்’. எண்பது, எண்திசை, எண்குணம் எல்லாம் அதைக் காட்டுகின்றன, கன்னடத்தில் எண்டு என்று இன்றும் அந்த மூக்கொலி கேட்கும். ஆங்கில எயிட் பின்னால் போகப் போக பழைய ஆங்கிலத்தில் ஏயஹ்தா, ஜெர்மனில் அஹ்ட், லத்தீனில் ஓக்தோ, நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் அஷ்டமி. ஒரு பக்கம் எண், மறுபக்கம் ஓக்தோ. இன்றைக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர், ஆயிரம் ஆண்டு பின்னால் போனால் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். இஞ்சிக்கும் ஜிஞ்சருக்கும் என்ன நடந்தது? இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள், பின்னால் போகப் போக நெருங்கி, சிங்கிவேர என்ற இடத்தில் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் சோதனை. பின்னால் போகும்போது நெருங்கினால் உறவு, விலகினால் முகச்சாயல். எந்தப் பட்டியல் போனுக்கு வந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

ஒன்றும் வன்னும் கூட அப்படித்தான் விழுந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ஆன். ‘வ’ ஒலி அதன் தலையில் வந்து ஏறியது பிற்காலத்தில், அதனால்தான் எழுத்தில் ‘வ’ இல்லாமல் ஓ இருக்கிறது. அலோன், ஓன்லி என்ற சொற்களுக்குள்ளும் அதே ‘ஒன்று’தான் இருக்கிறது, அவற்றில் ‘வ’ ஏறவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றி எல்லோரும் முறைப்படுவோம், ஆனால் இந்த வேலைக்கு அது பெரிய உதவி, பழைய ஒலியின் எலும்புக்கூடு அங்கே அப்படியே கிடக்கும்.

பொறிகள் ஒரு மொழிக்குள்ளேயும் இருக்கும். ஆங்கிலத்தில் ஜிஞ்சர்லி என்று ஒரு சொல், ‘மெல்ல, பயந்து பயந்து’ என்று அர்த்தம். இஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது நேர்த்தியான, மென்மையான என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றில் இருந்து வந்ததாகத்தான் அகராதிகள் கருதுகின்றன. தமிழில் இதைவிட அழகான பொறி இருக்கிறது. லெக்சிகனில் இஞ்சி என்று தேடினால் இரண்டு தனித்தனிப் பதிவு வரும்: ஒன்று நாம் கறிக்குப் போடுவது, மற்றது கோட்டை மதில். பழைய பாட்டில் ‘இஞ்சி’ சூழ்ந்த நகர் என்று வாசித்துவிட்டு ஊரைச் சுற்றி இஞ்சித் தோட்டம் என்று உரை சொன்னால் பிரட்ரிக் கோட்டை வாசலில் நிற்கிற மான்கூடச் சிரிக்கும். ஆகவே அகராதியில் சொல் கிடைத்ததும் நிற்காமல், அதே எழுத்தில் வேறு பதிவு இருக்கிறதா என்று கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள்.

இதுவரை ஒலியை மட்டும் பார்த்தோம். இஞ்சியில் ஒலி நிறைய மாறியது, பொருள் அசையவே இல்லை, அன்றும் இஞ்சி இன்றும் இஞ்சி. நேர் எதிரான சொல் ஒன்றும் பழக வேண்டும், அதற்கு நம் கடற்கரையே போதும்.

கட்டமரான். ஒலியில் ஒரு சிக்கலும் இல்லை, கட்டுமரம் அப்படியே உள்ளே நிற்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயணக் கதையில் சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளைக் கட்டி ஓட்டுகிறார்கள் என்று இந்தப் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். ஒரே படியில் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு ஆங்கிலத்தில் கட்டமரான் என்றால் இரண்டு உடல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் தட்டுப் போட்ட படகு. கட்டுமரத்துக்கு எங்கே இரண்டு உடல்? அந்த இரட்டை அமைப்பு பசிபிக் தீவுக்காரருடைய கலை. 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெர்ரஷாஃப் என்பவர் அமரில்லிஸ் என்று இரட்டை உடல் பாய்ப்படகு ஒன்று கட்டி ஓட்டப்போட்டியில் மற்றவர்களை வாயடைக்க வைத்தார், அந்த மாதிரிப் படகுகளின் மேல்தான் நம் சொல் போய் உட்கார்ந்துகொண்டது. பெயர் நம்முடையது, சாமான் அவர்களுடையது. வாட்ஸ்அப் பட்டியல்கள் இந்த இடத்தில் ‘இரட்டைப் படகைக் கண்டுபிடித்தவன் தமிழன்’ என்று எழுதிவிடுகின்றன.

ஒரு முறை உப்புவெளிக் கரைக்குச் சற்றுத் தள்ளி அப்படி ஒரு வெள்ளைப் படகு நங்கூரம் போட்டு நின்றது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம், இதற்கு ஆங்கிலத்தில் கட்டுமரம் என்றுதான் பெயர் என்று சொன்னேன். கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, “கட்டவும் இல்லை, மரமும் இல்லை, முழுக்க பைபர்” என்றார்.

அதனால் கொப்பியில் ஒலிக்கு ஒரு நிரல் போட்ட மாதிரி பொருளுக்கும் ஒரு நிரல் போடுங்கள். ஒவ்வொரு படியிலும் அந்தச் சொல் என்ன சாமானைக் குறித்தது, எந்த ஆண்டில் குறித்தது. ஒலி பொருந்திப் பொருள் தாவினால், தாவியது எப்போது, ஏன் என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி.

கேள்விக்குறி போட வெட்கப்பட வேண்டாம். ரைஸ் என்ற சொல்லை எல்லோரும் அரிசி என்று அடித்துச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இருந்து பிரெஞ்சு, இத்தாலியன், லத்தீன் வழியாகக் கிரேக்க ஒருஸா வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கலாம். அங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் அரிசியைக் காட்டுகிறார்கள், இன்னொரு சாரார் சமஸ்கிருத விரீஹியையும் ஆப்கானிஸ்தானின் பஷ்தோ மொழியில் உள்ள வ்ரிஜே போன்ற வடிவங்களையும் காட்டி ஈரான் வழியாகப் போன சொல் என்கிறார்கள், இந்த விரீஹியே வேறொரு மொழியில் இருந்து வந்த கடனாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. வழக்கு முடியவில்லை. என் கொப்பியில் கிரேக்கம் வரை மையால் எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே பென்சில்.

சில சொற்களுக்கு இவ்வளவு தோண்டவே தேவையில்லை, பிறந்த தேதியே இருக்கும். தேடாமல் கிடைத்த அதிர்ஷ்டத்துக்கு ஆங்கிலத்தில் செரண்டிபிட்டி என்பார்கள். ஹொரேஸ் வால்போல் என்பவர் 1754 ஜனவரி 28ஆம் தேதி எழுதிய கடிதத்தில் தானே உண்டாக்கிய சொல் அது. அடியில் இருப்பது செரண்டிப், அரபு வணிகர் நம் தீவுக்கு வைத்த பெயர். சேரன் தீவு என்று விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அகராதிகள் தருவது சமஸ்கிருதச் சொல்லான சிம்ஹளத்வீப. எப்படி எடுத்தாலும் கடைசியில் இருக்கிற ‘திப்’ நம் தீவுதான்.

கடன் ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை என்பதையும் மறக்காதீர்கள். நாங்கள் கொப்பியை வைத்து எழுதிய மேசை போர்த்துக்கீசம், உட்கார்ந்த கதிரை போர்த்துக்கீசம், கொப்பியை எடுத்த லாச்சி ஒல்லாந்தர் விட்டுப் போனது. அலுவலகத்துக்கு நாம் சொல்கிற கந்தோரும் அவர்களுடையதுதான்.

தனியாகச் செய்து பழக, லேசானதில் இருந்து தொடங்குங்கள். செரூட் – ஓரிரு படிதான், சுருட்டு வந்துவிடும். மாங்கோவுக்கு மூன்று நாலு படி, போர்த்துக்கீசரையும் மலாய்க்காரரையும் வழியில் சந்திப்பீர்கள். அப்புறம் ஒரேஞ்ச் எடுங்கள். மருமகள் அதைத்தான் எடுத்தாள். இரவு ஒன்பது மணிக்கு மெசேஜ்: “மாமா, ஸ்பானிஷில நரன்ஹா, அரபில நாரன்ஜ், சமஸ்கிருதத்தில நாரங்க. எல்லாத்திலயும் ‘ந’ இருக்கு. ஒரேஞ்சில காணேல்ல. பிழையான ஆளைப் பிடிச்சிட்டனா?”

பிழை இல்லை. இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் ‘ஒரு’ என்று சொல்கிற சின்னச் சொல் ‘ந’வில் முடியும். ஒரு நாரஞ்சி, ஒரு நாரஞ்சி என்று சொல்லிச் சொல்லி, இந்த ‘ந’ முன்சொல்லுக்கு உரியதா பின்சொல்லுக்கு உரியதா என்று கேட்பவனுக்குக் குழம்பி, முன்சொல் அதை விழுங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு வரும்போதே அது ‘ந’ இல்லாமல்தான் வந்தது. ஆங்கிலத்திலும் இதே திருட்டு நடந்திருக்கிறது, ஏப்ரன் முன்பு நேப்ரன். உறவு மொழிகளில் இருக்கிற ‘ந’ தொலைந்த இடத்தைச் சொல்ல முடிகிறது என்பதால் இந்தச் சங்கிலி நிற்கும்.

இதையெல்லாம் தட்டச்சுச் செய்ய அலுப்பாக இருந்தது. அம்மா போட்டு வைத்திருந்த நாரத்தங்காய் ஊறுகாய்ப் போத்தலைப் படம் எடுத்து அனுப்பினேன். “ந இருக்கு” என்று பதில் வந்தது, பின்னாலேயே, “நாளைக்குக் கொஞ்சம் கொண்டு வாங்கோ.”